கூலிக்காரனுக்கு 42 நாள் கெடு

வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆயிற்று. தாடையை வெட்டி, நெஞ்சுத் தசையை எடுத்து ஒட்டியும் ஆயிற்று. வியாதி ஒழிந்ததென்று எண்ணி ஊர் திரும்புகிறார் தொழிலாளி. இங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது!

கத்தி, கண்ணுக்குத் தெரிந்த கட்டியை எடுக்கும். கண்ணுக்குத் தெரியாத நோயணுக்கள் மிஞ்சக்கூடும். கட்டி பெரிதாக இருந்தவர்களுக்கும், கழுத்தில் நெறிகட்டிப் பரவியவர்களுக்கும் அதனால்தான் கதிர் சிகிச்சை தேவைப்படுகிறது. 'கரண்டு வைப்பது' என்று நம் ஜனங்கள் சொல்வது இதைத்தான். ஆபரேஷன் நடந்து 6 வாரத்துக்குள், அதாவது 42 நாளுக்குள், இது துவங்க வேண்டும் என்பது வைத்திய நிபுணர்கள் வகுத்த கெடு. தாமதித்தால் மிஞ்சிய அணுக்கள் பெருகும். அவசரப்பட்டாலோ ஒட்டிய தசையும் காயமும் ஆறாது. அதற்கு 3, 4 வாரம் விட வேண்டும். ஆக, கையில் மிஞ்சுவது இரண்டு மூன்று வாரமே.

இந்தக் கெடு ஏன் தவறுகிறது? நோயாளியின் அலட்சியமா? இல்லை! வாரம் 5 நாள் வீதம் 6 வாரம், சுமார் 30 தடவை கரண்டு வைக்க வேண்டும். லால்பேட்டை வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்பவர், சிதம்பரம், கடலூர் தாண்டிப் புதுச்சேரி ஜிப்மருக்குத் தினமும் போய்வர முடியுமா? துணைக்குப் போகிறவரின் கூலியும் போகிறதே!

1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கண்டார். 1957-ல் அங்கே கோபால்ட் கருவி வந்தது. கருவி வந்தும் ஏழை அதை வேளையில் எட்ட முடியாவிட்டால் என்ன பயன்?

ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. தகுதியுள்ளவருக்குப் புற்றுநோய்க் காலத்தில் கூலியில் 80 சதம், 2 வருஷம் வரை கிடைக்கும். விவசாயத் தொழிலாளிக்கு? முதலமைச்சர் காப்பீடு சிகிச்சைச் செலவை ஏற்கலாம். இழந்த கூலியை ஏற்பதில்லை. இது அநீதி.

ஆகவே நாம் கேட்பது: ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போதே கரண்டுக்கும் நாள் குறிக்க வேண்டும். சொத்தைப் பற்களை அப்போதே பார்த்து எடுத்துவிட வேண்டும். பின்னால் அது ஒரு தாமதமாகக் கூடாது. ஆஸ்பத்திரி அருகே தங்க இடமும் சாப்பாடும் வேண்டும். விவசாயத் தொழிலாளிக்குக் கூலி நிவாரணம் வேண்டும்.

தோழர்களே! வார்டை விட்டு வெளியேறும் முன், "எங்களுக்குக் கரண்டு உண்டா? எந்தத் தேதி?" என்று தைரியமாகக் கேளுங்கள். புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரிச் சான்று வாங்குங்கள். 42 நாள் கடந்துவிட்டாலும் வீட்டில் இருந்துவிடாதீர்கள், உடனே போங்கள். நோய்க்குத் தவணை கிடையாது. சர்க்காரும் தவணை சொல்லக் கூடாது!