சித்திரையிலும் வைகாசியிலும் வீடு மாறும் மயிலாப்பூர் வட்டார வாடகைக் குடும்பங்கள் குறித்த கோரிக்கை மனு

பெறுநர்: அரசுச் செயலாளர், வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை, சென்னை மாவட்ட ஆட்சித் தலைவர், சென்னைக் குடிநீர் வாரிய மேலாண்மை இயக்குநர்

அனுப்புநர்: மயிலாப்பூர், மந்தைவெளி, சாந்தோம் பகுதிகளில் வாடகைக்குக் குடியிருப்போரின் சங்கம்

பொருள்: வாடகை முன்பண உச்சவரம்பு, ஒப்பந்தப் பதிவு, கோடைக்கால மின்சாரம், குடிநீர், மறுகட்டுமானத்தின்போது குடியிருப்போருக்கான பாதுகாப்பு

சென்னையில் வாடகை வீட்டுச் சந்தை ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. பங்குனியில் புதுக் குடித்தனம் புகுவதைப் பல குடும்பங்கள் தவிர்க்கின்றன. ஆனியிலும் ஆடியிலும் பால் காய்ச்சுவதில்லை. பிள்ளைகளின் பள்ளி மாற்றம் கோடை விடுமுறையில் மட்டுமே முடியும். இவை மூன்றும் சேர்ந்து, ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரையுள்ள சித்திரை, வைகாசி ஆகிய இரு மாதங்களுக்குள் நகரத்து வீடு மாற்றத்தின் பெரும்பகுதியை நெருக்கிவிடுகின்றன. கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாக் கூட்டம் கலைந்த மறுவாரமே மாட வீதிகளிலும் அவற்றை ஒட்டிய சந்துகளிலும் ‘டு லெட்’ பலகைகள் தொங்கத் தொடங்குகின்றன. தரகர்களின் கைப்பேசி ஓய்வதில்லை. வீடு தேடுவோர் அனைவரும் ஒரே நேரத்தில் தேடுவதால் பேரம் பேசும் வலு உரிமையாளர் பக்கம் சாய்வது இயல்பே. அந்தச் சாய்வைச் சட்டம் எந்த அளவுக்குத் தாங்கிப் பிடிக்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதை எடுத்துக்காட்டி, உரிய திருத்தங்களைக் கோருவதே இம்மனுவின் நோக்கம்.

மயிலாப்பூரில் இந்த நெருக்கடிக்கு இன்னொரு காரணமும் உண்டு. மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத் திட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் செல்லும் தடமும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி செல்லும் தடமும் திருமயிலையில், தரைக்கு அடியில், ஒன்றையொன்று சந்திக்கின்றன. நிலையம் திறக்கும் முன்பே அதன் பெயரால் வாடகை ஏறுகிறது. “மெட்ரோ வரப்போகிறது” என்பது ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது உரிமையாளர் சொல்லும் காரணமாகிவிட்டது. தடுப்புத் தகடுகளும் புழுதியும் மாற்றுப்பாதைகளுமோ இன்று அங்கே குடியிருப்போரின் பங்காக உள்ளன. வரப்போகும் வசதிக்கான விலையை, அது வரும்போது அந்தத் தெருவில் இருப்பாரா என்பதே உறுதியில்லாத ஒருவர் இப்போதே செலுத்துகிறார்.

ஆயினும் வாடகைத் தொகையைவிடக் குடும்பங்களை அதிகம் வருத்துவது முன்பணம். முன்பணம் அல்லது அட்வான்ஸ் என்பது, வீட்டுக்குச் சேதம் நேர்ந்தாலோ வாடகை நிலுவை விழுந்தாலோ ஈடுகட்டுவதற்காக உரிமையாளர் வட்டியின்றி வைத்துக்கொள்ளும் தொகையாகும். சென்னையில் நெடுங்காலமாகப் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது வழக்கம். அண்மைக் காலத்தில் ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கிவருவோரும் உள்ளனர். எடுத்துக்காட்டாக, மாதம் 20,000 ரூபாய் வாடகையுள்ள வீட்டுக்குப் பத்து மாத முன்பணம் 2,00,000 ரூபாய் ஆகிறது. மூன்று மாத அளவோடு நிறுத்தினால் அது 60,000 ரூபாய்தான். எஞ்சிய 1,40,000 ரூபாயை நகையை அடகு வைத்து ஒரு வட்டிக்கு, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கு, வாங்கும் குடும்பம் மாதந்தோறும் 1,400 ரூபாயை வாடகைக்கு மேல் கட்டுகிறது. ஒப்பந்தத்தில் எங்கும் எழுதப்படாத இந்த வாடகை எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

கொடுக்கும்போது உள்ள சுமையைவிடத் திரும்பப் பெறும்போது உள்ள சிக்கல் பெரிது. உரிமையாளர்களில் பலர் முன்பணத்தைத் தனியே வைத்திருப்பதில்லை. மகளின் திருமணத்துக்கோ வீட்டுக் கடனுக்கோ அது எப்போதோ செலவாகியிருக்கும். ஆகவே அடுத்துக் குடிவருபவர் கொடுக்கும் முன்பணத்திலிருந்துதான் காலி செய்பவருக்குத் திருப்பித் தரப்படுகிறது. காலி செய்பவரோ தம் புதிய வீட்டுக்கு முன்பணம் கட்டிய பிறகே பழைய வீட்டை விட முடியும். எனவே மே மாதத்தில் சில வாரங்களுக்கு ஒரே குடும்பத்தின் இரண்டு முன்பணங்கள் இரண்டு உரிமையாளர்களிடம் நிற்கின்றன. கடைசியில் சாவியை ஒப்படைக்கும் நாளில், சுவரில் ஆணி அடித்த துளைகளைக் காட்டி, ‘பெயிண்டிங்’ என்ற பெயரில் ஒரு மாத வாடகை பிடிக்கப்படுகிறது. ஐந்தாண்டுகள் குடியிருந்த வீட்டின் சுவர் தானே மங்கியதா, குடியிருந்தவர் பாழாக்கினாரா என்று யாரும் கேட்பதில்லை.

இவற்றை ஒழுங்குபடுத்தவே தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்த இச்சட்டம், நியாய வாடகையை அரசு அதிகாரி நிர்ணயிக்கும் பழைய முறையைக் கைவிட்டு, இருதரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்ட வாடகையையே ஏற்கிறது. அதற்கு ஈடாக எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்குகிறது. துணை ஆட்சியர் நிலையிலான வாடகை அதிகாரி, அவருக்கு மேல் வாடகை நீதிமன்றம், அதற்கும் மேல் வாடகைத் தீர்ப்பாயம் என்ற அமைப்பையும் ஏற்படுத்துகிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படுவது சட்டவிரோதம் என்று அதன் 11ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவே, மாறான உடன்பாடு இருந்தாலொழிய, என்ற விலக்குடன்தான் தொடங்குகிறது. மூன்று மாத வரம்பை மீறிப் பத்து மாதம் எழுதப்பட்ட ஒவ்வொரு ஒப்பந்தமும் மாறான உடன்பாடே ஆகிவிடுவதால், வரம்பு யாரைக் கட்டுப்படுத்த வந்ததோ அவரையே அது கட்டுப்படுத்துவதில்லை. வீடு கிடைத்தால் போதும் என்ற நிலையில் கையெழுத்திடுபவரின் சம்மதத்தை உடன்பாடு என்று சட்டம் கருதுவது பொருத்தமன்று. ஆகவே, குடியிருப்புக் கட்டடங்களைப் பொறுத்தவரை அந்த விலக்குச் சொற்களை நீக்கி 11ஆம் பிரிவைத் திருத்த வேண்டும் என்பது இச்சங்கத்தின் முதன்மைக் கோரிக்கை. காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணம் திரும்பாவிட்டால், தாமதமாகும் காலத்துக்கு வட்டி சேர வேண்டும் என்பதையும், இயல்பான தேய்மானத்துக்கு வெள்ளையடிப்புச் செலவு பிடிக்கக் கூடாது என்பதையும் விதிகளில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும்.

உரிமையாளர் தரப்பின் அச்சத்தை இச்சங்கம் மறுக்கவில்லை. ஓய்வூதியம் இல்லாத முதியவர்கள் பலர் மேல்மாடி வாடகையை நம்பியே வாழ்கின்றனர். பழைய சட்டத்தின்கீழ் குடியிருப்பவரை வெளியேற்ற ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறியவர்களின் கதை ஒவ்வொரு தெருவிலும் உண்டு. பெரிய முன்பணம் என்பது அந்த அச்சத்துக்கு அவர்கள் தேடிக்கொண்ட காப்பீடு. வாடகை நீதிமன்றங்கள் இருதரப்பு வழக்குகளையும் விரைந்து முடிக்குமாயின் அந்தக் காப்பீட்டின் தேவையே குறையும் என்பதால், சென்னையில் வாடகை அதிகாரிகளின் எண்ணிக்கையைக் கூட்டும்படி மாவட்ட ஆட்சியரை இச்சங்கம் கேட்டுக்கொள்கிறது. இது உரிமையாளருக்கும் பயன்படும் கோரிக்கையே.

பதிவு குறித்து ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற பழைய பதிவுச் சட்டத்தைத் தவிர்ப்பதற்காகவே 11 மாத ஒப்பந்தம் என்ற வழக்கம் தோன்றியது. 2017ஆம் ஆண்டுச் சட்டமோ கால அளவைப் பாராமல் எல்லா ஒப்பந்தங்களையும் வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. இந்த வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. முத்திரைத்தாளில் 11 மாதம் என்று தட்டச்சு செய்துவிட்டால் எந்தப் பதிவும் தேவையில்லை என்றே முத்திரைத்தாள் விற்பனையாளர் முதல் தரகர் வரை சொல்கின்றனர். பதிவு எண் இல்லாத ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாடகைதாரர் வாடகை நீதிமன்றத்தை நாடுவது கடினம். எனவே வீடு மாற்றம் மிகுந்த மே மாதம் முழுவதும், மாநகராட்சியின் வார்டு அலுவலகங்களில் சனி, ஞாயிறுகளில் பதிவு முகாம் நடத்த வேண்டும். அங்கே இணையவழிப் பதிவைக் கட்டணமின்றிச் செய்துதரும் பணியாளர் அமர்த்தப்பட வேண்டும். பள்ளிச் சேர்க்கைக்கு முகவரிச் சான்று கேட்கப்படும் மாதமும் அதுவே ஆகையால், பதிவு எண் பெற்ற ஒப்பந்தத்தை எல்லாப் பள்ளிகளும் முகவரிச் சான்றாக ஏற்க வழிவகை செய்யப்பட வேண்டும்.

போக்கியம் என்பது தனிச் சிக்கல். மாத வாடகைக்குப் பதிலாகப் பல லட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்து, தவணை முடிந்ததும் அதை வட்டியின்றித் திரும்பப் பெறும் ஏற்பாடு இது. பேச்சு வழக்கில் ‘லீஸ்’ எனப்படுகிறது. அந்த வீடு முன்னரே வங்கியில் அடமானத்தில் இருந்து, உரிமையாளர் தவணை தவறினால், வங்கி வீட்டைக் கையகப்படுத்துகிறது. போக்கியக்காரர் வீட்டையும் பணத்தையும் சேர்த்து இழக்கும் நிலைக்கு ஆளாகிறார். வில்லங்கச் சான்று பார்க்காமல் எந்தப் போக்கிய ஒப்பந்தமும் பதியப்படக் கூடாது என்று வாடகை அதிகாரிகளுக்கு அறிவுறுத்த வேண்டும்.

கோடையின் மின் கட்டணத்தில் நுணுக்கமான ஓர் அநீதி உள்ளது. பழைய வீடுகள் ‘போர்ஷன்’களாக, அதாவது ஒரே வாசலுக்குள் தனித்தனி அடுக்களை கொண்ட பகுதிகளாக, பிரித்து விடப்படும்போது, மூன்று குடித்தனங்களுக்கும் ஒரே மின் இணைப்பு இருப்பதும், உள்ளே துணை மீட்டர் பொருத்தி யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் வசூலிப்பதும் வழக்கம். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்ற சலுகை 2016 முதல் நடைமுறையில் இருந்தும், மூன்று குடும்பங்களுக்குச் சேர்த்து அது ஒரே முறைதான் கிடைக்கிறது. மேலும், மூன்று வீட்டு மின்விசிறிகளும் குளிர்ப்பெட்டிகளும் ஒரே கணக்கில் சேர்வதால் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டி, உயர்ந்த கட்டண அடுக்குக்குள் போய்விடுகிறது. தனித்தனியே கணக்கிட்டால் இந்த அடுக்கைத் தொட்டிருக்கவே மாட்டாத குடும்பங்கள் இவை. தனி அடுக்களையுள்ள ஒவ்வொரு போர்ஷனுக்கும், பதிவு பெற்ற வாடகை ஒப்பந்தத்தின் பேரில் தனி இணைப்பு வழங்குமாறு மின்வாரியத்துக்கு அரசு அறிவுறுத்த வேண்டும்.

குடிநீரைப் பொறுத்தவரை, 2019ஆம் ஆண்டுக் கோடையில் நகரத்துக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டுபோனதை நினைவூட்ட வேண்டியதில்லை. நெம்மேலியில் 2013இலும் 2024இலும் தொடங்கப்பட்ட கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் தென்சென்னையின் நிலையை மாற்றியுள்ளன என்பதை இச்சங்கம் நன்றியோடு ஒப்புக்கொள்கிறது. எனினும் குழாயழுத்தம் குறையும் தெருக்கோடி வீடுகளில் மே மாதம் பிறந்ததும் லாரித் தண்ணீர் வந்துவிடுகிறது. அதன் செலவு பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்து வாடகைதாரர் தலையிலேயே விழுகிறது. வாடகை உயர்வுக்கு இணங்காத குடித்தனத்துக்கு மோட்டார் போடும் நேரத்தைக் குறைப்பதும் நடக்கிறது. இன்றியமையா வசதிகளை நிறுத்துவதைச் சட்டம் தடைசெய்திருந்தாலும், தண்ணீரைப் பொறுத்தவரை முறையீட்டின் மேல் ஆணை வருவதற்குள் குடும்பம் வீட்டைக் காலி செய்திருக்கும். இவ்வகைப் புகார்களை 48 மணி நேரத்துக்குள் விசாரிக்கும் ஏற்பாடு வேண்டும்.

எல்லாவற்றையும்விட நீண்டகாலத் தாக்கம் உடையது மறுகட்டுமானம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. இத்தகைய இரண்டு, மூன்று கிரவுண்டு மனைகளில் 1970களிலும் 1980களிலும் எழுந்த லிஃப்ட் இல்லாத மூன்று மாடி அடுக்ககங்கள்தான் மயிலாப்பூரில் நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு எட்டும் வாடகை வீடுகளாக இருந்துவருகின்றன. மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்புக் கட்டலாம் என்பதைக் குறிக்கும் தளப்பரப்புக் குறியீடு, உயரம் குறைந்த கட்டடங்களுக்கு 1.5இலிருந்து 2.0ஆக 2019ஆம் ஆண்டு விதிகளில் உயர்த்தப்பட்டது. அதனால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுவது ஆதாயமானது. 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், உரிமையாளர்களில் மூன்றில் இரு பங்கினர் இசைந்தாலே மறுகட்டுமானம் செய்யலாம் என்கிறது. இசைவு தராத மூன்றில் ஒரு பங்கு உரிமையாளரைப் பற்றி விவாதம் நடக்கிறது. அதே கட்டடத்தில் குடியிருக்கும் வாடகைதாரரைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. இடிக்கப்பட்ட வீட்டின் இடத்தில் எழும் புதிய வீட்டின் வாடகை அவருக்கு எட்டாது. மறுகட்டுமானத்தை நிறுத்தும்படி இச்சங்கம் கேட்கவில்லை. தூண் வெடித்த கட்டடத்தில் எவரும் வாழக் கூடாது. திட்ட அனுமதி விண்ணப்பத்தோடு வாடகைதாரர் பட்டியலும் இணைக்கப்பட வேண்டும், ஆறு மாத முன்னறிவிப்பு அவர்களுக்கு எழுத்தில் தரப்பட வேண்டும், அந்தக் கெடு கல்வியாண்டின் நடுவில் முடியக் கூடாது என்பதே கோரிக்கை.

கோயில் மனைகளில் தரை வாடகை செலுத்திச் சொந்தக் கட்டடத்தில் வாழ்வோர், அறநிலையச் சட்டத்தின் 34-ஏ பிரிவின்படி நிர்ணயிக்கப்படும் நியாய வாடகையை ஏற்கின்றனர். உயர்வு முன்தேதியிட்டுக் கணக்கிடப்பட்டு நிலுவை சேரும்போது அதைத் தவணையில் கட்ட அனுமதித்தால் போதும்.

கடைசியாக, பலகைகளைப் பற்றி. “சைவம் மட்டும்” என்று எழுதிய பலகை மயிலாப்பூரில் புதிதன்று. உணவைப் பற்றிய விருப்பம்போல் தோன்றும் இச்சொல் நடைமுறையில் சாதியையும் மதத்தையும் கேட்கும் கேள்வியாகவே செயல்படுகிறது. தரகர் தொலைபேசியில் முதலில் பெயரைக் கேட்பதும் அதற்காகவே. தனியே வாழும் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் வேறொரு காரணம் சொல்லப்படுகிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் இத்தகைய மறுப்பைத் தடுக்கும் விதி இல்லை. தம் வீட்டின் ஒரு பகுதியை விடும் உரிமையாளரின் விருப்பத்தில் தலையிடுவது எளிதன்று என்பதை இச்சங்கம் அறியும். ஆயினும் முழு வீடுகளையும் அடுக்ககங்களையும் வாடகைக்கு விடுவோரும், அதற்காகத் தரகு பெறுவோரும், சாதி, மதம், உணவு, திருமண நிலை ஆகியவற்றைக் காட்டி வீடு மறுப்பதைத் தடைசெய்யும் பிரிவு ஒன்றை, 11ஆம் பிரிவின் திருத்தத்தோடு சேர்த்துக் கொண்டுவர வேண்டும்.

சட்டத் திருத்தத்துக்குக் காலம் பிடிக்கும் என்பதை இச்சங்கம் உணர்கிறது. ஆனால் பதிவு முகாம், போக்கிய ஒப்பந்தத்துக்கு வில்லங்கச் சான்று, தண்ணீர்ப் புகாருக்கு 48 மணி நேர விசாரணை ஆகிய மூன்றுக்கும் நிர்வாக ஆணையே போதும் என்பதால், இவற்றின் மீதான முடிவை ஆனி பிறப்பதற்கு முன் எழுத்து வழியாகத் தெரிவிக்குமாறும், எஞ்சியவை குறித்துச் சங்கத்தின் சார்பாளர்களை நேரில் அழைத்துப் பேச நாள் குறிக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்