அம்மாவின் மருந்துக் கணக்கு யார் கையில்?

பாத்ரூம் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார் அம்மா. ‘‘தலை கிர்ருனு சுத்துதுடா...’’ என்றவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வயது 78. நிமோனியாவுக்காக ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பிய நாலாவது நாள் அது. வீட்டுக்கு வரும் நர்ஸ் ப்ரஷர் பார்த்தார். 90/60!

காரணத்தைத் தேடினால்... ப்ரஷர் மாத்திரை இரண்டு மடங்கு உள்ளே போயிருந்தது! அம்மா பல வருடமாகச் சாப்பிட்டு வந்தது அம்லோடிபின் 5 மில்லிகிராம். ஆஸ்பத்திரியில் அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நர்ஸ் வைத்திருந்த டேப்லெட்டில் (மாத்திரை இல்லைங்க, கையடக்கக் கம்ப்யூட்டர்!) பழைய பெயர் ஏற்கெனவே இருந்தது. புதுப் பெயரையும் சேர்த்தார்கள். பழையதை யாரும் எடுக்கவில்லை. பெயர் இரண்டு, மருந்து ஒன்று!

டாக்டருக்கு போன் போட்டோம். அவர் ஒன்றை நிறுத்தச் சொன்னார். இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல் அடங்கியது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

நர்ஸைத் திட்டலாமா? எனக்கு மனசு வரவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை அவர் கண்ணில் காட்டாமல் பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்தவன் நான்தானே!

‘கம்ப்யூட்டரை நம்பினா இப்படித்தான்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வீட்டிலேயே வைத்தியம் பார்க்கும் குடும்பங்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். காலையில் ஒரு நர்ஸ், ராத்திரி ஒரு நர்ஸ். முன்பெல்லாம் இவர் கையெழுத்து அவருக்குப் புரியாது. இப்போது எந்த நேரம் எந்த மாத்திரை, படுக்கைப்புண் எவ்வளவு ஆறியிருக்கிறது, ஒரு மாதமாக ஷுகர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். டாக்டர் தன் கிளினிக்கில் இருந்தபடியே பார்த்து டோஸை மாற்றலாம்.

பணக்கார வீட்டுச் சமாச்சாரம் என்றும் ஒதுக்க முடியாது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. அதன்பின் ப்ரஷர், ஷுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நடக்க முடியாதவர்களுக்கு பிசியோதெரபி, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சை எல்லாம் வீட்டிலேயே. இப்படி வாசல் தேடி வருகிறவர்களுக்கு, முந்தைய தடவை என்ன நடந்தது என்ற விவரம் கையில் இருந்தால்தானே வேலை ஓடும்?

சிக்கல் எங்கே என்றால், ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு, நர்ஸ் அனுப்பும் நிறுவனத்தில் ஒரு கணக்கு, குடும்ப டாக்டரிடம் ஒரு கணக்கு. பல சமயம் இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை. நர்ஸ் டேப்லெட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால், நோயாளியின் விவரமும் கூடவே படி இறங்கிப் போய்விடுகிறது! ராத்திரி ஒரு மணிக்கு மூச்சுத்திணறல் வந்தால், பக்கத்து ஆஸ்பத்திரியில் போய் என்ன சொல்வீர்கள்? ‘‘வெள்ளையா, சின்னதா ஒரு மாத்திரை’’ என்றா?

‘ஆபா’ என்கிற 14 இலக்க எண் இருக்கிறதே என்பீர்கள். 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் வந்த திட்டம். நல்ல ஏற்பாடுதான். உங்கள் சம்மதம் இருந்தால்தான் விவரத்தை மற்றவர் பார்க்க முடியும். ஆனால், எண் வாங்கியதும் எல்லாம் தானாக வந்து சேர்ந்துவிடாது. ஆஸ்பத்திரியும் அதில் இணைந்திருக்க வேண்டும். இன்னொன்று... பெரியவரின் எண்ணை வெளியூரில் இருக்கும் மகனின் போனோடு இணைத்திருந்தால், அவசரத்தில் ஓ.டி.பி. அவருக்கல்லவா போகும்!

என் கட்சி இதுதான். விவரத்தை யார் எழுதினாலும், எந்த மெஷினில் எழுதினாலும், அதன் ஒரு பிரதி நோயாளியின் வீட்டில் இருந்தே ஆகவேண்டும். இதில் தயவு தாட்சண்யத்துக்கு இடமே இல்லை. நோயாளி தன் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தரவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் வருட விதிமுறையே சொல்கிறது. அதே உரிமையோடு நர்ஸ் அனுப்பும் நிறுவனத்திடமும் கேளுங்கள். தயங்கினால், ஆளை நியமிக்கும் முன்பே யோசியுங்கள்.

வீட்டில் உடனே செய்ய வேண்டியவை:

* மருந்துப் பட்டியலில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதச் சொல்லுங்கள். ஒரே மருந்து இரண்டு தடவை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

* டிஸ்சார்ஜ் ஆன அன்றே சம்மரியையும் டேப்லெட் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். ‘புதுசா என்ன சேர்த்தீங்க?’ என்று கேட்பதைவிட ‘பழசுல எதை நிறுத்தினீங்க?’ என்று கேட்பது முக்கியம்.

* எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது பட்டியலின் முதல் வரியில் இருக்கட்டும்.

* வாரம் ஒருமுறை பதிவைப் பிரின்ட் எடுத்தோ, போட்டோ பிடித்தோ வையுங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டும் இருக்கட்டும். கரன்ட் போனாலும் அது பேசும்!

எங்கள் வீட்டில் அந்த நோட்டு இப்போது அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில்தான். மாத்திரையை நீட்டினால், ‘‘நோட்டுல டிக் அடிச்சாச்சா?’’ என்று முதலில் அவர்தான் கேட்கிறார்!