இழுத்துட்டாங்க சரி, நிறுத்தறது எப்படி?

போன வாரம் காட்டுல குச்சிக்கிழங்கு பிடுங்கி லாரியில ஏத்திக்கிட்டு இருந்தோம். சேலம் பக்கம் சேகோ மில்லுக்குப் போற லோடு. நடுவுல டீ குடிக்க நின்னப்போ அண்ணன் பையன் போனை நீட்டினான்.

"சித்தப்பா, இந்த வண்டியைப் பாருங்க. நூத்திப் பன்னெண்டு டிரெய்லர்!"

ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கிளிஃப்டன்னு ஒரு ஊர். விவசாயத்தை நம்பி இருக்கிற சின்ன ஊர்தான். 2006 பிப்ரவரி 18 அன்னிக்கு அங்கே ஒரே ஒரு மேக் டைட்டன் லாரி 112 டிரெய்லரை இழுத்திருக்கு. நீளம் 1,474.3 மீட்டர், எடை சுமார் 1,300 டன். ஓட்டினவர் ஜான் அட்கின்சன், வயசு 70. ஏரியூர் பஸ் ஸ்டாண்டுல வண்டியோட மூக்கு நின்னா, வால் ஊரைத் தாண்டி எவனோ ஒருத்தன் கடலைக்காட்டு ஓரத்துல நிக்கும்.

இதுல ஊருக்கு ஊர் போட்டி வேற. 2000-ல கால்கூர்லிக்காரங்க 79 டிரெய்லரை 8 கிலோமீட்டர் இழுத்தாங்க. 2004-ல 117 மாட்டினப்போ, முதல் லாரியோட ஷாஃப்ட்டே உடைஞ்சுபோச்சு. வேற லாரி வந்துதான் இழுத்துச்சு. கிளிஃப்டன்ல டிரெய்லர் அஞ்சு குறைச்சல், ஆனா மொத்த நீளம் 29 மீட்டர் கூட. அதனால சாதனை அவங்களுக்கு.

"எவ்ளோ தூரம்டா இழுத்தாங்க?"ன்னு கேட்டேன். 100 மீட்டராம். என் காட்டுல ஒரு சால் ஓட்டற தூரம்.

கிண்டல் பண்ணலைங்க. அந்த ஊர்ல மாடு, தாதுமண் எல்லாம் மூணு, நாலு டிரெய்லர் கோத்துத்தான் போகுது. ரயில் போகாத ஊருக்கு அதுதான் ரயில். தினமும் செய்யற வேலையை ஒருநாள் திருவிழா மாதிரி செஞ்சு பாத்திருக்காங்க. நம்ம தேர் இழுக்கற மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஆனா தேருக்குக் கட்டை போடறவன் ஒருத்தன் இருப்பான் பாருங்க, அவனைப் பத்தித்தான் எனக்கு யோசனை.

நம்ம நாட்டிலும் 2020-ல ரோடு டிரெயினுக்கு 25.25 மீட்டர் நீளம் வரைக்கும் விதியில இடம் குடுத்தாச்சு. வரட்டும், தப்பில்லை. ஆனா தொப்பூர் கணவாயில இப்ப போற சாதா லாரியே நிக்க மாட்டேங்குதே? 2024 ஜனவரியில ஒரே விபத்துல நாலு பேர் போனாங்க. பெங்களூருக்கும் சேலத்துக்கும் கார்ல போற உங்களுக்கு அந்த இறக்கம் நல்லாத் தெரியும். 'லாரிக்காரன் கண்ணு மண்ணு தெரியாம வர்றான்'னு திட்டியும் இருப்பீங்க.

எங்க பெரியப்பா மகன் இருபது வருஷம் லாரி ஓட்டினவர். அவர் சொல்வார்: "கணக்குப் போட்டுத்தான் டீசல் குடுப்பாங்க தம்பி. மிச்சம் பிடிச்சா நம்ம கையில நாலு காசு. அதான் இறக்கத்துல நியூட்ரல்ல விடறது." கியர்ல இருந்தா இஞ்சினே வண்டியைப் பிடிச்சு வைக்கும். நியூட்ரல்ல விட்டா மொத்த எடையும் பிரேக் மேல. மிதிக்க மிதிக்க டிரம் காய்ஞ்சு, கடைசியில பிடிக்காது. போர்டு வெச்சும் அபராதம் போட்டும் இதை நிறுத்த முடியாதுங்கறது என் கருத்து. டீசலை மிச்சம் பிடிச்சாத்தான் டிரைவருக்குக் காசுங்கற ஏற்பாடு மாறணும். அது மாறாம 25 மீட்டர் வண்டியை இறக்கத்துல விட்டா, பின்னால வர்ற உங்க காருக்கும் ஆபத்துதான்.

இதையெல்லாம் அண்ணன் பையன்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கும்போதே லோடு முடிஞ்சு, கயிறு கட்டிட்டாங்க. பிடுங்கின கிழங்கு கிடக்கக் கிடக்க மாவுச்சத்து குறையும். மில்லுல பாயிண்ட் பாத்துத்தான் விலை. வாய் சும்மா இருக்குமா? "ராத்திரிக்குள்ள இறக்கிடணும்ணே, கொஞ்சம் வேகமாப் போங்க"ன்னு டிரைவர்கிட்ட சொன்னேன்.

அண்ணன் பையன் என்னையே பார்த்தான்.