குற்றவாளி பையன் அல்ல

ஆலைச் சங்கு ஊதி ஷிப்டு முடிந்ததும் எதிரே உள்ள பெட்டிக்கடையில் கூட்டம் சேருகிறது. அந்தக் கூட்டத்தில் பதினாறு வயதுப் பையனும் நிற்கிறான். வீட்டுக்குப் போனால் அவனுக்கு அடியும் திட்டும். "மனவுறுதி இல்லாத பயல்" என்று தகப்பனார் தலையில் அடித்துக்கொள்கிறார். தோழர்களே, அந்தத் தகப்பனாரிடம் நாம் ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது.

புகையிலையிலுள்ள நிகோடின் என்ற நஞ்சு, இழுத்த இருபது வினாடிக்குள் மூளையை எட்டிவிடுகிறது. அங்கே டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கச் செய்கிறது. பசித்தவனைச் சோற்றை நோக்கி நடக்கவைப்பதும் இதே ரசாயனம்தான். உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளை வைத்துச் சோதனை செய்தார். பழரசம் நாக்கில் பட்டதும் டோபமின் நரம்புகள் துடித்தன. பிறகு, ரசம் தருமுன் ஒவ்வொரு தடவையும் ஒரு விளக்கு எரிந்தது. பழகியபின் நடந்ததுதான் விசேஷம்: விளக்கைக் கண்டதுமே நரம்புகள் துடித்தன, ரசம் கிடைத்தபோது துடிப்பில்லை! ருஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் நாய்களிடம் கண்ட உண்மையின் உள்ளறை இது.

நம் பையனுக்குப் பெட்டிக்கடையே அந்த விளக்கு. தீக்குச்சி உரசும் சத்தம், சிநேகிதன் விடும் புகை, கடையில் தொங்கும் விளம்பரப் பலகை எல்லாமே விளக்குகள். வேண்டாமென்று மனம் சொல்லுமுன் மூளை துள்ளிவிடுகிறது. அதை அடக்கும் கடிவாளமான முன்மூளையோ இருபத்தைந்து வயதுவாக்கில்தான் முழுசாக முதிர்கிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஐரோப்பாவில் 14 வயதுப் பிள்ளைகளில் புகைப்போர் 43 பேரையும் புகைக்காதோர் 43 பேரையும் சோதித்து, 2011ல் முடிவை வெளியிட்டார்கள். விளையாட்டில் பரிசு வரப்போகிறது என்ற அடையாளம் தெரிந்தபோது, புகைக்கும் பிள்ளைகளின் மூளையில் கிளர்ச்சி குறைவாக இருந்தது. பத்துத் தடவைகூடப் புகைக்காதவர்களிடமும் அப்படியே. புகையால் மங்கியதா, முன்பே மங்கியிருந்ததால் புகையை நாடினார்களா? இரண்டாவதாக இருக்கலாம் என்றே ஆய்வாளர் கருதினர். அப்படியானால் மற்ற இன்பங்கள் எளிதில் எட்டாத பிள்ளைதான் முதலில் வலையில் விழுகிறது. அவனை அடித்து என்ன பயன்?

வலை விரித்தவன் யார் என்பதில் சந்தேகமில்லை. அமெரிக்காவின் பிரவுன் அண்டு வில்லியம்சன் கம்பெனியின் தலைமை வக்கீல், தாங்கள் விற்பது அடிமையாக்கும் நிகோடின் என்று 1963லேயே உள்ளுக்குள் எழுதிவைத்தார். 1994ல் ஏழு சிகரெட் கம்பெனித் தலைவர்கள் அந்நாட்டுப் பாராளுமன்றக் குழுவின் முன் கையுயர்த்திச் சத்தியம் செய்து, நிகோடின் அடிமையாக்காது என்றார்கள். இன்னொரு கம்பெனி ஒட்டகக் கார்ட்டூன் போட்டு விற்றது. ஆறு வயதுக் குழந்தைகள் மிக்கி மவுஸுக்குச் சமமாக அந்த ஒட்டகத்தை அடையாளம் கண்டதாக 1991ல் ஓர் ஆய்வு காட்டியது. விளக்கை எங்கே ஏற்றுவது என்பது முதலாளிக்கு நன்றாகத் தெரியும்!

பீடி சுற்றும் நம் சகோதரிகள் மீது நமக்குக் கோபமில்லை. நாளெல்லாம் குனிந்து தூசியைச் சுவாசித்துக் கூலிக்குப் போராடுகிறவர்கள் அவர்கள். மாற்று வேலை தராமல் அவர்கள் வயிற்றில் அடிக்க எவர் வந்தாலும் எதிர்ப்போம்.

2003ம் வருஷத்துச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே விற்காதே என்கிறது. கல்வி நிலையத்தைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் விற்காதே என்கிறது. ஆனால் கடையில் பலகை மாட்ட அதே சட்டம் வழி விட்டது. பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம் 85 சதவீதம் இருந்தென்ன, பையன் வாங்குவது ஒற்றை பீடி, அவன் கண்ணில் அந்தப் படம் படுவதேயில்லை. உதிரி விற்பனையை மகாராஷ்டிர அரசு 2020ல் தடை செய்தது. அந்தத் தடை நாடு முழுவதும் வரவேண்டும். பலகைகளும் இறங்க வேண்டும்.

சங்கக் கிளைகள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நூறு கெஜம் என்பது முந்நூறு அடி. ஊர்ப் பள்ளியின் வெளிச்சுற்றுச் சுவரிலிருந்து கயிறு பிடித்து அளந்து, உள்ளே எத்தனை கடை என்று எழுதி, அனைவரும் கையெழுத்திட்டுத் தாசில்தாரிடம் நேரில் கொடுங்கள்.