தோட்டத்து மரணச் செலவு: எமது நிலைப்பாடு

மரணச் செலவின் விலைப்பட்டியல், மரணம் நேருமுன்பே எழுத்தில் இருக்க வேண்டும். மொனராகலை, பதுளை மாவட்டத் தோட்டங்களுக்காக நாம் கேட்பது இதைத்தான்.

இப்போது நடப்பது வேறு. பதுளை வைத்தியசாலையில் உயிர் பிரிகிறது. பசறை, படல்கும்புர வழியாக உடலைத் தோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிரேத அறை வாசலில் நிற்கும் மகனிடம் மலர்ச்சாலைக்காரர் கைத்தொலைபேசியில் பெட்டிப் படங்களைக் காட்டுகிறார். மலிவானதைக் கைகாட்ட மனம் கூசுகிறது: அப்பாவுக்கு இதுவா? வாகனம், மருந்து ஏற்றுவது, கூடாரம், கதிரை எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக ஏறும். கடைசியில் கைக்கு வரும் துண்டில் ஒரே வரி: மொத்தம். நகை அடகுக்குப் போகும். நகை இல்லாத வீட்டில் நுண்கடன். கருமாதிச் செலவு இனித்தான்.

விலைப்பட்டியலைக் காட்சிக்கு வைக்கவும், கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்கவும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வியாபாரிகளைக் கட்டாயப்படுத்துகிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கமும் உண்டு. ஆனால் எழவு வீட்டில் இருந்துகொண்டு யார் அதை அழுத்துவார்கள்? ஆகவே பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் கட்டாமல், மாதாமாதம் சந்தா வாங்கும் மரண உதவிச் சங்கங்கள் ஏற்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை இரண்டு மூன்று மலர்ச்சாலைகளிடம் பொருள்வாரியாக விலை எழுதி வாங்கி, தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தில் வாசித்து, பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒட்டலாம். சங்கத்தின் வரவுசெலவும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

செலவைக் குறையுங்கள் என்று உபதேசிக்க நாம் வரவில்லை. தப்பும் தேரும் எதற்கு என்று கேட்போருடன் எமக்கு உடன்பாடில்லை. ஆயுள் முழுக்க கிலோக் கணக்கில் மட்டுமே மதிக்கப்பட்டவருக்காகத் தோட்டமே திரளும் நாள் அது.

செலவைவிடப் பெரிய இழப்பு, வரவேண்டிய பணம் வராமல் போவது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒரு சேவை ஆண்டுக்கு 14 நாட் சம்பளம். அவர் இறந்தால் அது வாரிசுகளுக்குரியது. 30 ஆண்டு உழைத்தவருக்கு 420 நாட் சம்பளம். நாளொன்றுக்கு 1350 ரூபாய் என்று வைத்தாலே 5 இலட்சத்து 67 ஆயிரம். ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் தனி. இவை முடங்குவது பெரும்பாலும் ஓர் எழுத்தில்தான்: தோட்டப் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சிங்களத்தில் எழுதிய மரணச் சான்றிதழில் இன்னொன்று. பின்னுரித்தாளராக எப்போதோ இறந்துபோன தாயின் பெயரே இன்னும் கிடக்கிறது.

இவற்றை ஆள் உயிரோடிருக்கும்போதே திருத்த வேண்டும். தோட்டக் காரியாலயங்கள் ஆண்டுக்கு ஒரு நாளாவது இதற்கென ஒதுக்க வேண்டும் என்று கோருகிறோம். மரணத்தை மூன்று மாதத்துக்குள் பதிவது குடும்பத்தின் கடமை. சான்றிதழின் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழில் கேட்டுப் பெறுவது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தரும் உரிமை.

எந்த மலர்ச்சாலையையும் நாம் சிபாரிசு செய்யமாட்டோம், எவரிடமும் தரகு வாங்கவும் மாட்டோம். விலை கேட்கப் போகும் சங்கத்துக்குத் துணையாக எம்மில் ஒருவர் வருவார்.