ஐம்பது பேருக்கு அதிபதி



இந்த வாரத் தியானம் உங்களில் சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் இறுதிவரை வாசிக்கும்படி அன்போடு வேண்டுகிறேன்.

ஆற்றின் இரு கரையிலும் உள்ள சபைகளில் அண்மைக் காலமாக ஒரு கோரிக்கை எழுந்திருக்கிறது. கைப்பேசியிலும் கணினியிலும் இணைய விளையாட்டுக் குழுக்களுக்குத் தலைமை வகிக்கும் வாலிபர்களை ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் பொறுப்பிலும் வாலிபர் ஐக்கியப் பொறுப்பிலும் வைக்கலாகாது என்பதே அது. நம் சபைக் கமிட்டியின் முன்பும் அடுத்த மாதம் அது தீர்மானமாக வரவிருக்கிறது. 'கில்டு' என்றும் 'கிளான்' என்றும் சொல்லிக்கொண்டு இரவெல்லாம் காதில் ஹெட்செட்டை மாட்டிக் கத்துகிறவனா நம் பிள்ளைகளுக்கு வேதம் கற்பிப்பது என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் நல்லவர்கள், சபைக்காக உழைத்தவர்கள். ஆயினும் இந்தத் தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைப் பிரித்துவிடுவோம். கோரிக்கைக்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறவை அனைத்தும் சூதாட்டச் செய்திகள். பணம் கட்டி ரம்மி ஆடிக் கடனாளியானவர்கள், வீட்டு நகையை விற்றவர்கள், கடைசியில் உயிரையே மாய்த்துக்கொண்டவர்கள் ஆகியோரின் செய்திகள் அவை. அந்தக் கண்ணீரை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தக் கண்ணீருக்காகத்தான் தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. சட்டமன்றம் இருமுறை நிறைவேற்றிய பிறகு 2023 ஏப்ரலில்தான் அந்தச் சட்டத்துக்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் ஒரு சட்டம் இயற்றிற்று. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டைத் திறமையால் வெல்வது, அதிர்ஷ்டத்தால் வெல்வது என்ற வேறுபாடு பாராமல் அது தடுக்கிறது. ஆனால் அதே சட்டம் போட்டி விளையாட்டுகளையும் பொழுதுபோக்குக்கும் கூட்டுறவுக்குமான விளையாட்டுகளையும் தனியே பிரித்து, அவற்றுக்கு இடமும் தருகிறது. நாடாளுமன்றம் காணும் வேறுபாட்டை நம் பிரசங்க பீடம் காண மறுப்பது பக்தியாகாது. அது சோம்பல். களையைப் பிடுங்கப் போய்க் கோதுமையையும் சேர்த்துப் பிடுங்குகிறவரைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நமக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

இனி, கில்டு என்றால் என்ன என்று கேளுங்கள். அது பழைய வணிகர் குழுக்களுக்கு ஐரோப்பாவில் வழங்கிய பெயர். நம் நாட்டில் ஐந்நூற்றுவர் என்றும் மணிக்கிராமம் என்றும் இருந்த குழுக்களின் இனம். விளையாட்டில் அது தனியொருவரால் முடியாததைச் சேர்ந்து செய்கிற கூட்டம். 2004இல் வெளிவந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டின் தொடக்க காலத்தில் பெரிய எதிரியை வீழ்த்த நாற்பது பேர் ஒரே நேரத்தில் கூட வேண்டியிருந்தது. ஒருவர் அடி வாங்குவார், ஒருவர் காயம் ஆற்றுவார், ஒருவர் தாக்குவார். ஒருவர் கவனம் தவறினால் நாற்பது பேரும் விழுவார்கள். நாற்பது வீடுகளில், நான்கைந்து நாடுகளில் இருக்கிறவர்களை வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள். நம் ஊரில் ஒரே தெருவில் வசிக்கிற பதினைந்து பேரைக் குறித்த நேரத்தில் கமிட்டிக் கூட்டத்துக்கு வரவழைக்க நான் படும் பாட்டை நீங்கள் அறிவீர்கள்.

வீழ்த்தியபின் இன்னொரு சோதனை வரும். கிடைத்த பொருள் ஒன்று. கேட்கிற கைகள் நாற்பது. யாருக்குக் கொடுப்பது? இதற்கென்றே, அந்த விளையாட்டுக்கும் முந்தைய காலத்திலிருந்து, வருகைக்கும் உழைப்புக்கும் புள்ளி கொடுத்துக் கணக்கு எழுதும் முறைகளை அவர்கள் வகுத்தார்கள். கணக்கு நேர்மையாக இல்லையென்றால் குழு ஒரே இரவில் உடையும். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆதிச் சபையில் எழுந்த முதல் முறுமுறுப்பு உபதேசத்தைப் பற்றியதன்று, பந்தியைப் பற்றியது. விதவைகளுக்குப் பங்கு சரியாகப் போய்ச் சேரவில்லை என்றுதான் சபை கலங்கியது. அதற்காகவே ஏழு பேர் தெரிந்தெடுக்கப்பட்டார்கள். பங்கிடுதலில் நீதி செய்யக் கற்ற பத்தொன்பது வயதுப் பிள்ளையை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது.

ஃபின்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்று 2012இல் வெளியிட்ட 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' நம் வாலிபர் பலருடைய கைப்பேசியில் இருந்தது, இன்னும் இருக்கிறது. அதில் ஒரு குழுவுக்கு ஐம்பது பேர்தான் உச்ச வரம்பு. தலைவர், துணைத் தலைவர், அதற்கடுத்து 'எல்டர்', அதாவது மூப்பர், பிறகு உறுப்பினர். இந்தப் படிநிலையை முதன்முதலாகக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யாத்திராகமம் 18ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. காலைமுதல் மாலைவரை தனியே உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைக் கேட்டு இளைத்துப்போன மோசேயைப் பார்த்து, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் அதிபதிகளை ஏற்படுத்தச் சொன்னார் மாமனார் எத்திரோ. ஐம்பது என்பது ஒரு மனிதன் பெயர் சொல்லி அறியக்கூடிய கூட்டம். நம் சபையில் எத்தனை மூப்பருக்கு ஐம்பது பேரைப் பெயர் சொல்லத் தெரியும்?

இதை நான் காரணமில்லாமல் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வாலிபர் உண்டு. விடியுமுன் கொடிக்காலில் இறங்கி வெற்றிலை கிள்ளுகிறவர். இரவில் அப்படி ஒரு குழுவுக்குத் தலைவர். அவர் குழுவில் திருப்பூர் பனியன் கம்பெனி விடுதியில் இருக்கிறவர்கள் உண்டு. துபாயில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு படுக்கிறவர்கள் உண்டு. நடக்க இயலாத ஒரு தம்பியும் உண்டு. அவர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அதில் விளையாட்டுக் கணக்குத்தான் இருக்குமென்று நினைத்தேன். பாதிப் பக்கங்களில் வேறு கணக்கு. இன்னாருக்குப் பரீட்சை, பத்து நாள் கூப்பிடக் கூடாது. இன்னாருடைய அம்மா ஆஸ்பத்திரியில். இன்னார் மூன்று நாளாக வரவில்லை, போன் செய்ய வேண்டும். இன்னாரும் இன்னாரும் பேசிக்கொள்வதில்லை, ஒரே அணியில் போடாதே. இதற்கு அவருக்குச் சம்பளம் இல்லை. மேடையில் பொன்னாடையும் இல்லை. தொலைந்த ஒன்றைத் தேடிப் போகிற வேலையை அவர் எங்கே கற்றார் என்று கேட்டேன். "நம்ம ஓய்வுநாள் பள்ளியிலதான் ஐயா" என்றார். அந்த வகுப்பிலிருந்துதான் அவரை விலக்க வேண்டும் என்கிறோம்.

"அதெல்லாம் நிழல் உறவு, ஐயரே, முகம் பார்க்காத நட்பு என்ன நட்பு?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

நார்வே நாட்டில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஒருவர் இருந்தார். 1989இல் பிறந்தவர். தசைகளைச் சிறிது சிறிதாகச் செயலிழக்கச் செய்யும் டூஷேன் நோயோடு பிறந்து, சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2014 நவம்பரில் இருபத்தைந்து வயதில் மரித்தார். கடைசிப் பத்தாண்டுகளில் அவருடைய பெரும்பொழுது 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் கழிந்தது. அங்கே அவர் பெயர் இபெலின். குழுவின் பெயர் ஸ்டார்லைட். நண்பரின்றி, காதலின்றி, யாருக்கும் பயன்படாமல் மகன் போய்விட்டானே என்று பெற்றோர் புலம்பினார்கள். மகன் தன் வாழ்வைப் பற்றி எழுதிவந்த இணையப் பக்கத்தில் மரணச் செய்தியைத் தகப்பனார் பதிந்தார். அதன்பின் கடிதங்கள் வரத் தொடங்கின. அடக்க ஆராதனைக்குப் பல நாடுகளிலிருந்து குழுவினர் வந்தார்கள். ஸ்டார்லைட்டின் தலைவர் அங்கே எழுந்து பேசினார்.

அந்தக் கடிதங்களில் இருந்தவற்றைக் கவனியுங்கள். நெதர்லாந்தில் ஒரு பெண்ணின் பெற்றோர் அவளிடமிருந்து கணினியைப் பறித்துக்கொண்டபோது, அவள் நிலையை விளக்கி அவர்களுக்கு மாட்ஸ் கடிதம் எழுதியிருக்கிறார். டென்மார்க்கில் ஆட்டிசம் உள்ள தன் மகனோடு பேச வழி தெரியாமல் தவித்த ஒரு தாய்க்கு, விளையாட்டுக்குள்ளே அவனைச் சந்தியுங்கள் என்று வழி காட்டியிருக்கிறார். அப்படியே தாயும் மகனும் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். மாட்ஸ் குழுத் தலைவரும் அல்லர், சாதாரண உறுப்பினர். விரலைக்கூட எளிதில் அசைக்க முடியாதவர். அவர் செய்தது மேய்ப்புப் பணி அல்லவென்றால் வேறு எதற்கு அந்தப் பெயரைக் கொடுப்பீர்கள்? பெஞ்சமின் ரீ என்ற இயக்குநர் இதை ஆவணப்படமாக எடுத்தார். 2024இல் அது வெளிவந்தது. பெற்றோர் பார்க்க வேண்டிய படம். குறிப்பாக, மகனுடைய கைப்பேசியைக் கிணற்றில் எறிந்ததைச் சாட்சியாகச் சொல்லிப் பெருமைப்படும் பெற்றோர்.

முகம் பார்க்காததைப் பற்றி ஒரு சொல். கொலோசெயிலும் லவோதிக்கேயாவிலும் இருந்தவர்களில் தம் முகத்தைக் காணாதவர்கள் பலர் என்று பவுல் தாமே எழுதுகிறார். அவர்களுக்காகத் தமக்கு இருந்த போராட்டத்தையும் எழுதுகிறார். காவலில் இருந்துகொண்டு, பார்த்திராத ஜனங்களுக்காகப் பாடுபட்டவரின் நிருபங்களை வாரந்தோறும் வாசிக்கிற நாம், முகம் காணாத உறவு பொய் என்று எந்த வாயால் சொல்வது?

இவ்வளவு சொன்னதால் கில்டு தலைவர்களாகிய தம்பிகள் மகிழ்ந்துவிட வேண்டாம். உங்களுக்கும் கசப்பான மருந்து இருக்கிறது.

நீங்கள் குடியிருக்கும் வீடு உங்களுடையதன்று. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜி உட்பட 118 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. அக்டோபர் 30ஆம் தேதி சர்வரும் இந்தியாவுக்கு மூடப்பட்டது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த குழுக்கள், பெயர்கள், பழக்கங்கள் எல்லாம் ஒரு நாளில் இருண்டன. ஒருவருடைய ஊரும் போன் எண்ணும் மற்றவருக்குத் தெரியாத குழுக்கள் சிதறியே போயின. நோட்டு வைத்திருந்த தலைவர் மட்டும் தம் ஆட்களைத் திரும்பக் கண்டுபிடித்தார். யோவானின் இரண்டாம் நிருபத்தை எழுதிய மூப்பர், காகிதமும் மையும் போதாது, நேரில் வர வேண்டும் என்று ஏங்குகிறார். அந்த ஏக்கம் இல்லாத குழு ஒரு பொத்தானில் தொங்குகிறது.

பின்பற்றுகிறவர்கள் கூடக் கூடத் தலைவனுக்குள் என்ன நுழைகிறது என்பதையும் பாருங்கள். 2021 ஜூனில் தர்மபுரியில் காவல்துறை கைது செய்த யூடியூபரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவரும் விளையாட்டைக் காட்டித்தான் பல லட்சம் பேரைச் சேர்த்தார். அந்த லட்சக்கணக்கான பிள்ளைகளின் காதுகளில் அவர் ஊற்றியது பெண்களைப் பற்றிய அசிங்கம். ஐம்பது பேர் உன் குரலைக் கேட்கிறார்கள் என்றால், தோல்வியின் கோபத்தில் நீ உதிர்க்கும் ஒரு வசையை ஐம்பது வீடுகள் கேட்கின்றன. அதில் பதிமூன்று வயதுப் பிள்ளையும் இருக்கிறது. உறக்கத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. காலை ஆராதனையில் உங்கள் முகமே சொல்கிறது.

ஆற்றோடு இறங்கிப் போனால் புன்னைக்காயல். அதற்கப்பால் முத்துக்குளித்த கடல். 1961இல் நடந்ததுதான் அங்கே கடைசிப் பெருங்குளிப்பு. கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர் அடியில் இருப்பது ஏறத்தாழ ஒரு நிமிடம். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அசைவு தெரிந்ததும் இழுக்க வேண்டும். கவனம் பிசகினால் கீழே உள்ளவர் இல்லை. அந்தக் கயிற்றை மைத்துனர் கையில்தான் கொடுப்பார்கள், தன் தங்கை விதவையாகும்படி அவர் விடமாட்டார் என்று கடற்கரைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். நம் வாலிபர்கள் இரவில் ஐம்பது பேருடைய கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள். அவர்களுடைய கயிறு யார் கையில் இருக்கிறது? நாம் முன்மொழியும் தீர்மானம் அதை அறுத்துவிடுவதற்கானது.

ஆகவே கமிட்டியாருக்கு என் விண்ணப்பம் இது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு மூப்பர்கள் ஒவ்வொருவரும் தங்கள் தெருக் குடும்பங்களின் பட்டியலைக் கொண்டுவாருங்கள். அந்த வாலிபரையும் தம் நோட்டோடு வரும்படி அழைத்திருக்கிறேன். கடந்த மூன்று மாதத்தில் வராமல் போனவர் யார், அவரைத் தேடிச் சென்றவர் யார், எந்தத் தேதியில் என்று இரண்டையும் மேசைமேல் வைத்துப் பார்ப்போம். பார்த்து முடித்தபின், தீர்மானத்தை முன்மொழிய விரும்புகிறவர் எழுந்து நின்று முன்மொழியட்டும்.