பெயர் இருந்தது, நம்பர் எங்கே?

2025-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி. அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில் அதிகாலை 2-48 மணி. இந்தியாவில் அப்போது பகல் 12-18.

அமேசான் கம்பெனி தன் கம்ப்யூட்டர்களை மற்ற கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடுகிறது. வர்ஜீனியாவில் உள்ளவற்றை நம்பி நடந்த ஸ்னாப்சாட், சிக்னல், ரோபிளாக்ஸ் எல்லாம் திடீரென்று தடுமாறின. இங்கிலாந்தில் லாயிட்ஸ் பாங்கியின் வாடிக்கையாளர்கள்கூடத் தவித்தார்கள்.

மின்சாரம் போகவில்லை. கம்பி அறுந்து விழவில்லை. "டைனமோ டி.பி." என்ற தகவல் கிடங்கின் பெயருக்கு எதிரே இருந்த நம்பர்கள் அழிந்துவிட்டன. அவ்வளவுதான்!

பழைய பட்டியல்

கம்ப்யூட்டர்கள் ஒன்றை ஒன்று நம்பரால்தான் தேடிப் பிடிக்கின்றன. மனிதர்களுக்கோ பெயர்தான் நினைவில் நிற்கும். ஆதியில் எல்லாப் பெயர்களையும் ஒரே பட்டியலில் எழுதி, கலிபோர்னியாவில் ஒரு ஆபீசில் வைத்திருந்தார்கள். பட்டியல் பெருத்துவிட்டது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற நிபுணர், அந்த வேலையைப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் "டி.என்.எஸ்." முறையை வகுத்தார்.

பழைய பட்டியல் செத்துவிடவில்லை. யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் "ஹோஸ்ட்ஸ்" என்ற பைலாக இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பெயரைச் சொன்னால், கம்ப்யூட்டர் வழக்கமாக முதலில் அதைத்தான் புரட்டும். அதில் இல்லாவிட்டால்தான் வெளியே கேட்கும். யாரைக் கேட்பது என்பது "ரிசால்வ் கான்ப்" என்ற பைலில் இருக்கும்.

கோளாறு வீட்டிலா, வெளியிலா?

முதலில் நம்பரைக் கொடுத்து "பிங்" செய்து பார்க்க வேண்டும். நம்பருக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால், கோளாறு பெயர் தேடும் வேலையில்தான்.

அடுத்து, "டிக்" என்ற கட்டளை. இது ஹோஸ்ட்ஸ் பைலைத் திரும்பிப் பார்க்காது. நேராக வெளியே கேட்கும். டிக் சரியான நம்பரைச் சொல்கிறது, ஆனால் மற்ற புரோகிராம்கள் வேறு எங்கோ போய் முட்டுகின்றனவா? ஹோஸ்ட்ஸ் பைலைத் திறந்து பாருங்கள். என்றோ யாரோ எழுதி மறந்த பழைய நம்பர் அங்கே கிடக்கலாம். பலரைப் பாடாய்ப் படுத்தும் கோளாறு இது!

டிக்குக்குப் பதிலே இல்லையா? 8.8.8.8 போன்ற வேறொரு கம்ப்யூட்டரைக் கேட்க வேண்டும். அது பதில் சொன்னால், ரிசால்வ் கான்பில் உள்ள விலாசத்தில்தான் வினை. எங்கே கேட்டாலும் வெறும் பதில்தான் என்றால், வீட்டில் எதையும் கழற்றிப் பயன் இல்லை.

குமாஸ்தாக்களின் குழப்பம்

அன்று நடந்தது அதுதான். அமேசானில் அந்தப் பதிவேட்டை எழுதியவர்கள் மனிதர்கள் அல்ல; மூன்று தானியங்கிப் புரோகிராம்கள். அவற்றில் ஒன்று ஆமை வேகத்தில் வந்து, புதிய பட்டியலின் மேல் பழையதை எழுதிவிட்டது. இன்னொன்று, "இது பழசு" என்று அதைத் துடைத்துவிட்டது. பதிவேடு காலி!

காரணம் தெரிய 50 நிமிடம் ஆயிற்று. மனிதர்கள் கையால் சரிசெய்து முடிக்க 2 மணி 37 நிமிடம். மற்ற பாதிப்புகள் தீர, வர்ஜீனியாவில் மாலை ஆகிவிட்டது. பிறகு அமேசான் அந்தத் தானியங்கிகளை உலகம் முழுவதும் நிறுத்தி வைத்தது.